வெளிச்சம் குறைந்தால் நொதியம் கூட

கடையில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் சிலர் அதை ஊதா விளக்கின் கீழ் ஒருமுறை பிடித்துப் பார்ப்பார்கள். அதுவரை தெரியாத கோடுகள் பளிச்சென்று தெரியும். ஓர் ஒளியை வாங்கி இன்னொரு நிறத்தில் திருப்பிக் கொடுப்பதுதான் ஒளிர்வு. அரிசிமணி அளவு மீன் ஈரலில் கற்றலேஸ் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பதும் இதை வைத்துத்தான்.

உடம்புக்குள் உண்டாகும் ஐதரசன் பரஒட்சைட்டைத் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் உடைக்கும் நொதியம் கற்றலேஸ். காயத்தில் பரஒட்சைட்டு ஊற்றினால் நுரைப்பது இதனால். பழைய முறையில், 240 நனோமீற்றர் ஒளியைப் பரஒட்சைட்டு உறிஞ்சுவது குறைந்துகொண்டு போவதைப் பார்ப்பார்கள். ஈரல் நிறைய இருந்தால் சரி, கொஞ்சம்தான் என்றால் பெரிய விளக்கொன்று துளி மங்கியதா என்று உற்றுப் பார்க்கிற கதைதான். ஒளிர்வு அப்படியல்ல. அமாவாசை இரவில் பண்ணைப் பாலத்தில் நின்றால் பரவைக்கடலில் எங்கோ எரியும் ஒற்றை மீன்பிடி விளக்கும் கண்ணில் படும், நண்பகலில் அதே விளக்கை யார் காண்பார்?

செய்முறை இப்படி. ஈரலை ஐஸில் வைத்து அரைத்து (சித்திரை வெயிலில் ஐஸ் கரைவதற்குள் முடிக்க வேண்டும்), சாற்றைத் தட்டொன்றின் சிறு குழிகளில் விட்டு, அளந்த பரஒட்சைட்டைக் கொடுத்து, சில நிமிடம் விடுகிறோம். அப்புறம் அம்ப்ளெக்ஸ் ரெட் என்ற நிறமற்ற பொருளையும், முள்ளங்கிக்கு உறவான ஒரு செடியின் வேரில் எடுத்த பெரொக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியத்தையும் சேர்க்கிறோம். மிஞ்சிய பரஒட்சைட்டு அளவுக்கு ரெசொருஃபின் என்ற ஒளிரும் பொருள் உண்டாகும். பச்சை ஒளி பட்டால் அது 590 நனோமீற்றரை ஒட்டிச் செம்மஞ்சளாக ஒளிரும்.

குழப்பம் இங்கேதான். கற்றலேஸ் தின்றது போக மிச்சம்தான் ஒளிர்கிறது, ஆகவே சாறே இல்லாத குழிதான் அதிகம் ஒளிரும். முதல் தடவை குழிகளை மாற்றி நிரப்பிவிட்டேன் என்றே நினைத்தேன். பரஒட்சைட்டை அள்ளி ஊற்றினாலும் வம்பு: ரெசொருஃபினே மேலும் ஒட்சியேறி ஒளியிழக்கும், நாமோ கற்றலேஸ் அதிகம் என்று எழுதிவைப்போம்.

அதைவிடப் பெரிய தலையிடி இரத்தம். செங்குழியங்களில் கற்றலேஸ் நிறைய உண்டு. ஈரலைக் கழுவாமல் அரைத்தால் அளப்பது ஈரலையா இரத்தத்தையா? துண்டுகள் ஒரே அளவில் வராததால் விடையை மொத்தப் புரத அளவால் வகுக்கவும் வேண்டும். கூடவே கொஞ்சச் சாற்றைக் கொதிக்கவைத்துத் தனிக் குழியில் விடுவார்கள். கொதித்தால் நொதியம் செத்துவிடும். அந்தக் குழியும் மங்கினால், பரஒட்சைட்டைத் தின்றது கற்றலேஸ் அல்ல.