வலிப்பு வந்தவர் அடித்தால் குற்றமா?

காசிமேட்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: மீன் ஏலத்தின் நடுவே அவருடைய தம்பி திடீரென்று பேச்சை நிறுத்தி, வெறித்த பார்வையோடு சப்புக்கொட்டியபடி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நடக்கத் தொடங்கினாராம். அருகிலிருந்தவர்கள் கைகளை இறுக்கிப் பிடித்து இரும்புச் சாவியைத் திணித்தபோது தம்பி கையை வீச, ஒருவரின் பல் உடைந்து, விவகாரம் காவல் நிலையம் வரை போயிருக்கிறது.

நரம்பணுக்கள் கட்டுமீறி ஒருசேர மின்துடிப்புகளை வெளியிடுவதே வலிப்பு. இங்கே சொல்லப்படும் அறிகுறிகள், நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள மூளை மடலில் தொடங்கும் வகைக்குப் பொருந்துகின்றன. இதில் விந்தை என்னவென்றால், நினைவு தப்புவதற்கு அந்த மின்புயல் மூளை முழுவதும் பரவ வேண்டியதில்லை. அது ஆழத்திலுள்ள சில பகுதிகளை எட்டி, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் தலாமஸையும் மூளைத்தண்டையும் அடக்கிவிடுகிறது. அதனால், வலிப்பே பரவாத முன்மூளைப் புறணியில் ஆழ்ந்த தூக்கத்தில் காணப்படுவது போன்ற மெதுவான அலைகள் எழுகின்றன. கண் திறந்திருக்கும், கால் நடக்கும். ஆராய்ந்து முடிவெடுக்கும் பகுதி மட்டும் உறங்கும். வலிப்பு நின்ற பிறகும் இந்நிலை உடனே விலகுவதில்லை. அப்போது யாராவது அழுத்திப் பிடித்தால், பிடிப்பவர் யார், எதற்குப் பிடிக்கிறார் என்று அறியாமலே உடல் திமிறுகிறது. சாவி எந்த வலிப்பையும் நிறுத்தியதில்லை. அதைத் திணிப்பதற்காகப் பிடிக்கும் பிடியே அடியை வரவழைக்கிறது என்பதை நம் பகுதியில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1981-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், ஏறத்தாழ 5,400 வலிப்பு நோயாளிகளில், வலிப்பின்போது வன்முறை இருக்கலாம் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 19 பேர் மட்டுமே. காணொளியில் பதிவான அவர்களின் தாக்குதல்கள் முன்திட்டம் ஏதுமின்றித் திடீரெனத் தொடங்கி, சராசரியாக அரை நிமிடத்தில் முடிந்தன. ஆகவே, கத்தியைத் தேடி எடுத்து, ஆளைத் தேடிப் போய்க் குத்திவிட்டு, வலிப்பைக் காரணம் காட்டுவது எடுபடுவது அரிது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும், அதற்கு முந்தைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், மனநிலை பிறழ்ந்து, செய்வது இன்னதென்று அறிய இயலாத நிலையில் செய்த செயல் குற்றமாகாது என்று விலக்கு தருகின்றன. அவை செயல் நடந்த அந்த நேரத்து மனநிலையையே கேட்கின்றன. நோய்ச் சான்றிதழ் மட்டும் போதாது. விலக்கு கோருபவர் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை, நிகழ்தகவு அவர் பக்கம் சாய்ந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1964-இலேயே தெளிவாக்கியது. பிற்பாடு எடுக்கும் இ.இ.ஜி. (மூளையின் மின்அலைப் பதிவு) இயல்பாக இருப்பதால் வலிப்பு நோய் இல்லை என்றாகிவிடாது. கோளாறு தெரிவதால் மட்டும் அன்றைய அடி வலிப்பில் விழுந்தது என்றும் ஆகாது. எனவே விசாரிப்பவர் முதலில் பதிய வேண்டியது, கை வீசப்படுவதற்கு முன் சப்புக்கொட்டலையும் பொத்தான் திருகலையும் கண்ட ஏலக்காரர்களின் வாக்குமூலத்தை என்பேன்.