இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஸ்யூவியை வாங்கலாமா?

ஓடோமீட்டரில் 2,00,000 என்று பார்த்ததும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அதே மாடல் 1,20,000 கிலோமீட்டரில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு முன்பணம் கொடுக்கிறார்கள். இரண்டுமே அவசர முடிவு. பெரும்பாலான எஸ்யூவிகளில் 1,00,000 முதல் 1,60,000 கிலோமீட்டருக்குள்தான் பெரிய செலவுகள் வரிசைகட்டி வரும்: டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டன் ஓட்டத்தோடு ஒத்து இயக்கும் பட்டை), வாட்டர் பம்ப், கிளட்ச், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கையின் ரப்பர்), ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸ் ஆயில். இவற்றையெல்லாம் ரசீதோடு முடித்துவிட்டு 2,00,000-ஐத் தாண்டிய வண்டி, எதையுமே தொடாமல் 1,20,000-இல் விற்பனைக்கு வந்த வண்டியைவிட நல்ல பேரமாக அமையலாம். எது மாற்றியாகிவிட்டது, எது பாக்கி இருக்கிறது, அந்தப் பாக்கிக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்ட பிறகே விலை பேச உட்கார வேண்டும்.

கிலோமீட்டரோடு மணிநேரத்தையும் பாருங்கள்

பல வண்டிகளின் இன்ஜின் கணினியில் மொத்த ஓட்ட நேரம் பதிவாகியிருக்கும். வண்டியின் கணினியைப் படிக்கும் கருவியான ஸ்கேனர், நல்லதாக இருந்தால், அதைக் காட்டிவிடும். கிலோமீட்டரை அந்த மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். 2,00,000 கிலோமீட்டருக்கு 4,000 மணி என்றால் சராசரி வேகம் 50. பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம். அதே தூரத்துக்கு 8,000 மணி என்றால் சராசரி 25 தான். நெரிசலில் ஊர்ந்தும், நின்ற இடத்திலேயே ஏசியோடு ஓடியும் தேய்ந்த இன்ஜின் அது. கிலோமீட்டர் ஒன்றாக இருந்தாலும் இரண்டாவது இன்ஜின் இரு மடங்கு நேரம் உழைத்திருக்கிறது. அதன் கிளட்ச், பிரேக், ஸ்டார்ட்டர் எல்லாம் அதே கதைதான்.

டீசல் எஸ்யூவியில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர், சூடேறி அந்தக் கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்குத் தொடர்ந்து சிறிது தூரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் அந்த எரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். பல இன்ஜின்களில் எரிப்புக்காகக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசல், சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்: ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்து, டீசல் வாடையும் அடித்தால், அந்த இன்ஜினின் பேரிங்குகளும் டர்போவும் நீர்த்துப்போன ஆயிலில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆயில் குறைவது மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

ஓடோமீட்டர் எண்ணே உண்மையா என்பது அடுத்த கேள்வி. டேஷ்போர்டு எண்ணை மாற்றுவது எளிது. வண்டி முழுவதும் சிதறிக் கிடக்கும் தடயங்களை மாற்றுவது கடினம். பல வண்டிகளில் கியர்பாக்ஸ், ஏபிஎஸ் போன்ற வேறு கணினிகளிலும் கிலோமீட்டர் பதிவு இருக்கும். பழைய கோளாறுக் குறியீடு எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்பதும் சிலவற்றில் சேமிக்கப்பட்டிருக்கும். 90,000 காட்டும் வண்டியில் 1,40,000-இல் பதிவான குறியீடு கிடைத்தால் பேச்சுவார்த்தை அங்கேயே முடிந்தது. ஸ்கேனர் இல்லையென்றால் பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் உறை, ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்து சீட் ஓரம் ஆகியவற்றின் தேய்மானம் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கினால் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் இறங்கினாலும் சந்தேகம்தான்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள்

பார்க்க வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். உயர் கிலோமீட்டர் இன்ஜின் உண்மையைச் சொல்வது குளிர்ந்த நிலையிலிருந்து கிளம்பும் முதல் ஒரு நிமிடத்தில்தான்.

ஸ்டார்ட் ஆனவுடன் முன்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடி சங்கிலி உரசும் சத்தம் வந்து அடங்கினால், டைமிங் செயின் நீண்டிருக்கலாம் அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். செயின் ஆயுள் முழுக்க வரும் என்பது ஆயிலை நேரத்துக்கு மாற்றியவர்களுக்கு மட்டும் பொருந்தும் வாக்குறுதி. பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். தயாரிப்பாளரைப் பொறுத்து 60,000 முதல் 1,60,000 கிலோமீட்டர் வரை இடைவெளி மாறும். வருடக் கெடுவும் தனியாக உண்டு. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்த மறுகணமே வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பெல்ட் ஆயிலில் நனைந்தபடி ஓடும் வகை என்றால் இன்னொரு தொல்லை: தவறான ஆயில் ஊற்றினாலோ, தாமதமாக மாற்றினாலோ, பெல்ட் துகள்களாக உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும்.

புகையையும் பொறுமையாகப் பாருங்கள். முதல் சில நொடி மட்டும் நீலப் புகை என்றால் வால்வு சீல்கள் கெட்டிப்பட்டிருக்கும். அது சமாளிக்கக்கூடிய செலவு. வண்டி சூடான பிறகும் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. குளிர் நேரத்தில் வரும் நீராவி சூடானதும் மறைந்துவிடும். மறையாமல் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை தொடர்ந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது. டீசல் வாடையோடு வெள்ளை என்றால் குளோ பிளக் (ஸ்டார்ட்டின்போது சிலிண்டரைச் சூடாக்குவது) அல்லது இன்ஜெக்டர். கறுப்புக்குக் காரணங்கள் பல: அடைத்த ஏர் ஃபில்டர், கரி பிடித்த ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு), கிழிந்த இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) குழாய். இவற்றில் சில மிக மலிவாகவே சரியாகும் என்பதால் கறுப்புப் புகைக்காக மட்டும் வண்டியை ஒதுக்க வேண்டாம்.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான மூச்சு இருப்பது இயல்பு. துடிப்பு துடிப்பாகப் புகை தள்ளினால் சிலிண்டரில் எரிந்த வாயு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. சந்தேகம் இருந்தால், சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அளவும் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சத்துக்கு மேல் இருந்தாலும், சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

சிலிண்டரையும் கூலன்ட் பாதையையும் கலக்காமல் அடைத்துப் பிரிக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்குக் கையாலேயே ஒரு சோதனை உண்டு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சூடு ஏறும் முன்பே ஹோஸ் கல் மாதிரி இறுகினால், எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுகிறது. கூலன்ட் டேங்கில் எண்ணெய்ப் படலமோ துருநிறமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் தண்ணீர் மட்டும் இருந்தால், ஏதோ ஒரு கசிவைத் தினமும் நிரப்பியே ஓட்டியிருக்கலாம். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

வண்டிக்கு அடியில்

லேடர் ஃபிரேம் சேஸிஸ் (ஏணி வடிவ இரும்புச் சட்டம்) உள்ள எஸ்யூவியில் இன்ஜினைக்கூட மாற்றலாம். ஃபிரேம் போனால் வண்டியே போனது போலத்தான். கடலோரத்தில் ஓடியவையும், பனிக்காக உப்புத் தூவும் சாலைகளில் ஓடியவையும் இதில் முதல் பலி. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றாமல் வாங்காதீர்கள். ஆக்ஸில் மேலும் போல்ட்டுகள் மேலும் பழுப்பாகப் படிந்திருக்கும் மேல்துரு பயப்பட வேண்டியதல்ல. ஏடு ஏடாக உரியும் துருதான் ஆபத்து. பின் ஆக்ஸிலுக்கு மேல் ஃபிரேம் வளையும் இடம், ஸ்பிரிங் பொருந்தும் பிடிகள், சேறு தங்கும் பெட்டி வடிவப் பகுதிகளின் உட்புறம் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். விற்பனைக்குச் சற்று முன் அடித்த புத்தம் புதிய கறுப்புப் பூச்சு தெரிந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை. பூச்சுக்கு அடியில் வெல்டிங் ஒட்டு ஒளிந்திருக்கலாம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் இன்னும் மூன்று கியர் பெட்டிகள் உண்டு: சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை இடவலச் சக்கரங்களுக்குப் பகிரும் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். விற்பவர் சம்மதித்தால் பின் டிஃபரன்ஷியலின் வடிகால் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதன் முனையில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் நிரடும் சில்லுகளோ, பல் உடைந்த துண்டோ இருந்தால் உள்ளே கியர் போய்விட்டது. ஆயில் பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் இறங்கிய வண்டியில் காற்றுப்போக்கிக் குழாய் வழியாக இப்படி நடக்கும். அப்படியென்றால் உள்ளேயும் தேடுங்கள்: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கோடு இருக்கிறதா, சீட் தண்டவாளங்கள் துருப்பிடித்திருக்கின்றனவா, கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளம் பார்த்த வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். அதன் மின்கோளாறுகளுக்கு முடிவே இருக்காது.

நான்கு சக்கர இயக்கத்தின் 4 ஹை (சாதாரண வேகம்), 4 லோ (மெதுவான வேகம், கூடுதல் இழுவை) இரண்டையும் மண் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் போடும் வகை இயக்கத்தைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திருப்பினால் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ்லைன் முறுக்கிக்கொள்ளும். பழைய உரிமையாளர் அப்படி ஓட்டியிருந்தால் கியர் பற்கள் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வகையில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். வண்டி இழுத்துப் பிடித்து உதறினால், முன் பின் சக்கரங்களை இணைக்கும் நடுக் கப்ளிங்கில் கோளாறு. இத்தகைய வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவும் ஒரே தேய்மானமும் கொண்டிருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு மொட்டை என்று ஓட்டினால் அந்தக் கப்ளிங் ஓயாமல் உரசிச் சூடாகும்.

ஓட்டிப் பார்க்கும்போது

அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நெடுஞ்சாலை, ஏற்றம், குண்டும் குழியும் மூன்றும் வேண்டும். மேனுவல் வண்டியில் 40–50 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சுற்று மட்டும் துள்ளி ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஆஃப் செய்யும்போது கடகடவென்று உதறி நின்றால், இன்ஜின் அதிர்வைத் தணிக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் போயிருக்கலாம். கிளட்ச்சைவிட அது விலை கூடுதல்.

ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்தபடி லீவரை டி-யிலிருந்து ஆர்-க்கும் திரும்ப டி-க்கும் மாற்றுங்கள். இரண்டு நொடிக்கு மேல் தாமதித்தாலோ, தடாலென்று இடித்தாலோ கவனம். 60–80 வேகத்தில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வண்டி படபடவென நடுங்கினால் டார்க் கன்வர்ட்டரின் (இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைப்பது) லாக்-அப் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். "இந்த கியர்பாக்ஸுக்கு ஆயில் மாற்றவே வேண்டாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றப் பரிந்துரைக்கிறது. ஒருமுறையும் மாற்றாமல் 2,00,000 ஓடியிருந்தால், அழுத்தம் கொடுத்துக் கழுவுவதைவிட வடித்து நிரப்புவதையே நாங்கள் சொல்வோம்.

வேகத்தோடு ஏறும் ரீங்காரம் இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்க வீல் பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கம். பள்ளத்தில் வரும் டக் டக் சத்தம் ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட், புஷ் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். இந்தக் கிலோமீட்டரில் சஸ்பென்ஷன் வேலை வருவது சகஜம். அதை விலையில் கழித்துக்கொள்ளலாம். காற்று சஸ்பென்ஷன் என்றால் மட்டும் தனியாக விலை விசாரியுங்கள்.

சாவியைப் போட்டதும் இன்ஜின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கின் வாயை அடைத்திருக்கிறார்கள். ஸ்கேனரில் குறியீடே இல்லாமல், வண்டிக் கணினியின் சுய சோதனைகள் பலவும் "இன்னும் நிறைவடையவில்லை" என்று காட்டினால், சமீபத்தில்தான் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள். நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி பார்க்கச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள்.

கணக்கு

அடுத்த 40,000 கிலோமீட்டருக்குள் வரக்கூடிய வேலைகளை ஒரு தாளில் எழுதி, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் ஒவ்வொன்றுக்கும் விலை கேளுங்கள். அந்தத் தொகையை வண்டி விலையோடு கூட்டி, அதே பணத்துக்குக் குறைவாக ஓடிய வண்டி கிடைக்குமா என்று ஒப்பிடுங்கள். இதற்கு மேல், வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு கையில் மிஞ்சாவிட்டால் உயர் கிலோமீட்டர் எஸ்யூவி பக்கம் போகாதீர்கள். கடன் வாங்கி முழு விலையும் கொடுத்தவர்தான் முதல் பழுதிலேயே வண்டியை அரைகுறையாக ஓட்டத் தொடங்குகிறார்; பின்னால் வருவதெல்லாம் அதனால் பெருகும் செலவு. மாடல் விற்பனையிலிருந்து நின்றுவிட்டதா, உதிரி பாகம் கிடைக்கிறதா என்பதும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

ஏடாக உரியும் ஃபிரேம், வெள்ளம், கூலன்டில் எரிந்த வாயு, வழுக்கும் ஆட்டோமேட்டிக், அணையாத ஏர்பேக் விளக்கு, குளிர்ந்த ஸ்டார்ட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் மறுக்கும் விற்பனையாளர்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள். மற்ற குறைகளுக்கெல்லாம் விலை உண்டு.

வாங்கிய வாரமே எல்லாத் திரவங்களையும் மாற்றிவிடுங்கள்: இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல், கூலன்ட், பிரேக் ஆயில், கூடவே எல்லா ஃபில்டரும். பெல்ட்டுக்கு ரசீது இல்லையென்றால் டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றுங்கள். பிறகு சமதரையில் நிறுத்தி, இன்ஜின் குளிர்ந்த பின் டிப்ஸ்டிக் அளவைக் குறித்து வைத்து, 1,000 கிலோமீட்டர் கழித்து அதே இடத்தில் மறுபடி பாருங்கள். அளவு எவ்வளவு இறங்கியது அல்லது ஏறியது என்பதை வைத்துத்தான் அடுத்த ஆயில் மாற்றும் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும்.