இளமை கேப்சூலுக்காக பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

தக்கலைப் பக்கத்திலிருந்து எழுபது வயதுக்காரர் ஒருவரை என்னிடம் சிகிச்சைக்குக் கூட்டி வந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, இடது கையைத் தூக்க முடியவில்லை. பிரஷர் 210/120. பல வருடமாக ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர், மூன்று மாதமாக நிறுத்திவிட்டாராம். ஏன் என்று கேட்டேன். அவர் மனைவி பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "எனக்க மவன் கத்தார்ல இருந்து அனுப்பினதுல்லா மக்ளே. இத சாப்பிட்டா வயசு கொறையும், வேற மாத்திரை வேண்டாம்னு வீடியோல சொல்லியிருக்காவளாம்."

என்எம்என் கேப்சூல். முதுமையைத் தள்ளிப்போடும் என்று சொல்லி விற்கும் பொருள். இப்படி டப்பாவோடு வருகிறவர்கள் இந்த வருடம் அதிகமாகிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. முதுமை பற்றிய ஆராய்ச்சி புரளி அல்ல. செல்கள் ஏன் தளர்கின்றன என்பதற்கு 2013-ல் ஒன்பது அடையாளங்களைத் தொகுத்தார்கள். 2023-ல் அது பன்னிரண்டாகிவிட்டது. நல்ல மூளைகள் உழைக்கும் துறை இது, நானும் ஆர்வமாகப் படிக்கிறேன். எனக்குக் கோபம் ஆராய்ச்சியாளர்கள் மேல் இல்லை. எலிக்கு நடந்ததை அப்படியே மனிதனுக்கு நடந்ததாகச் சொல்லி விற்பவர்கள் மேல்தான்.

இந்த எலி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்கள்கூட இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆய்வகச் சுண்டெலி இரண்டு, இரண்டரை வருடம் வாழும். பெரும்பாலும் புற்றுநோயில் சாகும். நம் ஊரில் ஆட்கள் சாவது மாரடைப்பிலும் பக்கவாதத்திலும். கூண்டு எலிக்குத் தினமும் ஒரே தீனி. அதற்கு முப்பது வருடத்து பீடிப் பழக்கம் கிடையாது, சுகர் கிடையாது, ஏற்கெனவே சாப்பிடும் ஐந்து மாத்திரை கிடையாது. அதன் ஆயுளைக் கூட்டிய ஒரு பொருள் உங்கள் ஆயுளையும் கூட்டும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

நல்ல முடிவு வந்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனத்தின் பரிசோதனைத் திட்டத்தில் 600 நாள் வயதான எலிகளுக்கு, அதாவது ஏறக்குறைய நம் அறுபது வயதில், ராபமைசின் கொடுத்தார்கள். 2009-ல் முடிவு வெளியானது. பெண் எலிகளின் ஆயுள் 14%, ஆண் எலிகளின் ஆயுள் 9% கூடியது. பெரிய செய்திதான். ஆனால் ராபமைசின் என்பது சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்களுக்கு நோய் எதிர்ப்பை அடக்கக் கொடுக்கும் மருந்து. சும்மா இருக்கிற ஆள் வாங்கிச் சாப்பிடும் பொருளா அது? திராட்சைத் தோலில் இருக்கிறது என்று கொண்டாடிய ரெஸ்வெரட்ராலை அதே திட்டத்தில் சோதித்தார்கள், எலியின் ஆயுள்கூடக் கூடவில்லை. நம் உடலிலேயே இருக்கும் டாரின் என்ற அமினோ அமிலத்தின் கதையும் இப்படித்தான். வயதாக ஆக அது உடலில் குறைகிறது, கொடுத்தால் எலி கூடுதல் நாள் வாழ்கிறது என்று 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. மனிதர்களைத் தொடர்ந்து பார்த்த 2025-ஆம் வருட ஆய்வில், வயதோடு அது கட்டாயம் குறைவதில்லை என்று தெரிந்தது. அதற்குள் எத்தனை டப்பா விற்றிருக்கும்!

என்எம்என் விஷயத்திலும் மனிதர்களிடம் நடந்தவை சிறிய, குறுகிய கால ஆய்வுகள்தான். அதைச் சாப்பிட்டவர்கள் கூடுதல் வருடம் வாழ்ந்தார்கள் என்று காட்டிய ஆய்வு ஒன்றுகூட இல்லை.

டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண் இருக்கிறதே என்று காட்டுகிறார்கள். அது உணவுப் பொருளுக்கான உரிமம். அந்த மருந்து வேலை செய்கிறது என்பதற்கான சான்று அல்ல. 'இயற்கை' என்று அச்சடித்திருப்பதையும் நம்பாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்படிப்பட்ட கேப்சூல்களைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள், சிலவற்றால் ரத்தக்கசிவு வரலாம். சுகரே இல்லாமல் 'இளமைக்கு' என்று சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் வருகிறார்கள். நீண்ட நாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், அதனால் கால் மரத்துப்போகலாம். தயவுசெய்து வேண்டாம்.

சரி, மனிதர்களிடம் நிரூபணமானது எது? நீங்கள் நிறுத்திய அந்த பிரஷர் மாத்திரைதான். 2015-ல் வெளியான ஸ்பிரிண்ட் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் பிரஷரின் மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு போன்றவையும் மரணமும் குறைந்தன. எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும் பலன் கிடைத்தது. உங்களுக்கு எந்த அளவு சரி என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். மறதி நோயில் ஏறக்குறைய 45%-ஐத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சொன்னது. அதன் பட்டியலில் பிரஷர், சுகர், புகை, காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறைவு எல்லாம் உண்டு. கண்புரையை மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே 'மூளைக்கு' கேப்சூல் வாங்காதீர்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறார்கள். அதை அலமாரியில் வைத்துவிட்டு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

அடுத்தது தசை. 1990-ல் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174% கூடியது. எந்தக் கேப்சூலும் இதன் பக்கத்தில் வராது. வீட்டில் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் டாக்டரிடம் காட்டி, பயிற்சி தொடங்குங்கள். ராத்திரிக்குக் கஞ்சியும் துவையலும் மட்டும் வைத்தால் தசைக்கு எங்கிருந்து வரும்? சிறுபயறு, முட்டை, சாளை மீன் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாசம் புரிகிறது. அடுத்த டப்பாவுக்கான பணத்தில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கிக் கொடுங்கள். வாரம் ஒரு தடவை வீடியோ காலில் அளவைக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே டப்பா வீட்டில் இருந்தால், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது மற்ற மாத்திரைகளோடு அதையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நமக்குக் கிடைப்பது நாலரை மணி நேரம்தான்.