படத்தொகுப்பு என்று எழுதாதீர்கள்

போட்டோவை எடிற் பண்ணுவதைத் தமிழில் 'படத்தொகுப்பு' என்று எழுதும் வழக்கம் கொழும்பில் பரவிக்கொண்டே போகிறது. வெள்ளவத்தையில் கணினி வகுப்பு விளம்பரங்களில் இருக்கிறது, பத்திரிகையில் இருக்கிறது, கண்காட்சி அழைப்பிதழ்களிலும் வந்துவிட்டது. இதுவரை பொறுத்துக்கொண்டேன். ஆனால் அண்மையில் பாடசாலை மாணவர்களுக்கான ஒரு சித்திரப் போட்டியின் விதிமுறைத் தாளைப் பார்த்தபோது, இது வெறும் சொல் பிடிவாதம் இல்லை, பிள்ளைகளுக்கு நட்டம் உண்டாக்கும் தவறு என்று தெரிந்தது.

மூன்று மொழியிலும் அச்சிட்ட தாள். கணினியில் மாற்றம் செய்த படங்களை அனுப்பக் கூடாது என்பது ஆங்கிலத்தில் உள்ள விதி. தமிழில் "தொகுக்கப்பட்ட ஆக்கங்கள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா" என்று போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி பழைய பத்திரிகைத் தாள், துணி, காய்ந்த இலை எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி அழகான கொலாஜ் ஒன்று செய்து வைத்திருந்தாள். முழுக்க முழுக்கக் கைவேலை. விதியைப் படித்துவிட்டு, 'என்னுடையது தொகுத்ததுதானே' என்று அனுப்பாமலே விட்டுவிட்டாள். அவள் வாசித்தது சரி. பலவற்றை ஓரிடத்தில் சேர்ப்பதற்குத்தான் தமிழில் தொகுத்தல் என்று பெயர். இன்னொரு பையன் தன் ஓவியத்தைப் படமெடுத்து, கைப்பேசியில் நிறத்தைக் கூட்டி, கோணலாக வந்த கோட்டை அழித்து அனுப்பினான். அவன் எதையும் தொகுக்கவில்லை என்பதால் அவனுக்கு மனச்சாட்சி உறுத்தவும் இல்லை. தடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, விடவேண்டியதைத் தடுத்திருக்கிறது அந்த ஒரு சொல்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கில 'எடிட்'டின் மூலம் லத்தீன். வெளியே கொடுத்தல், வெளியிடுதல் என்பது பழைய பொருள். ஆங்கிலத்தில் 'எடிட்டர்' என்ற பெயர்தான் முதலில் வந்தது, அதிலிருந்து வினையை உருவிக்கொண்டார்கள். நூலை வெளியிடத் தயாராக்குவது என்ற பொருள் பிறகு பத்திரிகைக்கும், திரைப்படத்துக்கும், ஒலிக்கும், படத்துக்கும் விரிந்தது. ஆங்கிலம் ஒரே சொல்லை இழுத்து இழுத்து இத்தனை வேலைக்கும் பயன்படுத்துகிறது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம்மிடம் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருந்தது, இருக்கிறது.

கலித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடல்களைத் தொகுத்தவர் நல்லந்துவனார் என்பது மரபு. ஏட்டில் கிடந்த அதை 1887இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவரை யாரும் 'கலித்தொகையைத் தொகுத்தவர்' என்று சொல்வதில்லை, பதிப்பித்தவர் என்கிறோம். ஏடுகளை ஒப்பிட்டு, பாடம் தேர்ந்து, பிழை களைந்து வெளியிடுவது பதிப்பு. சிதறிக் கிடந்த பாட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது தொகுப்பு. இரண்டையும் ஆங்கிலத்தில் 'எடிட்' என்று சொல்லிவிடலாம். தமிழில் முடியாது, முடியவும் கூடாது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்பவர். அவர் கபிலருக்கோ ஔவைக்கோ வரி திருத்திக் கொடுக்கவில்லை. தொகுப்பவர் பொருளை மாற்றுபவர் அல்லர், சேர்ப்பவர். தொல்காப்பிய மரபியலில் வழிநூலின், அதாவது முதல்நூலைப் பின்பற்றி எழும் நூலின், வகைகளைச் சொல்லும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று வருகிறது. அங்கேயும் தொகுத்தல் என்றால் பரந்து கிடந்ததைச் சுருக்கி ஓரிடத்தில் தருவதுதான். ஒரு பெண்ணின் முகத்தில் இருந்த பருவை அழிப்பதற்கும் இதற்கும் என்ன உறவு?

திரைப்படத்தில் 'படத்தொகுப்பு' என்று சொல்வதை நான் எதிர்க்கவில்லை. துண்டு துண்டாக எடுத்த காட்சிகளை வெட்டி, வரிசைப்படுத்தி, ஒட்டிச் சேர்ப்பது உண்மையிலேயே தொகுப்புத்தான். அந்தத் துறையில் அந்தச் சொல்லைப் போட்டவர் வேலையைப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் வேலையைப் பார்க்கவில்லை, அகராதியை மட்டும் பார்த்தார்கள். 'எடிட் என்றால் தொகு' என்று ஒரு சமன்பாடு உண்டாகிவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தை மாற்றுவதற்கான பொத்தானிலும் 'தொகு' என்றுதான் இருக்கிறது. பலர் சேர்ந்து ஒரு கட்டுரையைத் திரட்டும் இடத்தில் அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் அதைப் பார்த்துப் பழகிய தலைமுறை, ஒற்றைப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டுவதற்கும் அதே சொல்லை எடுத்துக்கொண்டது என்பது என் எண்ணம்.

இதை எழுதினால் இரண்டு பதில் வரும். ஒன்று, "வழக்கில் வந்துவிட்டது, விடுங்கள்" என்பது. எந்த வழக்கில்? ஸ்டூடியோவில் போய் நின்று பாருங்கள். "அண்ணா, பின்னுக்கு இருக்கிற கலரை மாத்தித் தாங்கோ", "கொஞ்சம் டச் பண்ணி விடுங்கோ", "எடிற் பண்ணினதெண்டு தெரியாத மாதிரிச் செய்யுங்கோ" என்றுதான் சனம் கேட்கிறது. "தொகுத்துத் தாங்கோ" என்று கேட்ட ஒருவரை நான் கண்டதில்லை. பேச்சில் இல்லாத, இலக்கியத்திலும் இல்லாத ஒரு பொருளை விளம்பரப் பலகை மட்டும் சுமந்துகொண்டிருந்தால் அதற்கு வழக்கு என்று பெயரில்லை.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. போட்டோஷொப்பில் வேலை செய்கிற ஒரு தம்பி சொன்னது. "நாங்கள் அடுக்கு அடுக்காகத்தானே வேலை செய்கிறோம். ஒரு படத்தில் ஆள், இன்னொன்றில் வானம், மற்றதில் எழுத்து. எல்லாவற்றையும் சேர்ப்பது தொகுப்பு இல்லையா?" நியாயமான கேள்வி. ஆனால் போட்டோஷொப் வெளிவந்தது 1990இல். அடுக்கு வசதி 1994இல் மூன்றாம் பதிப்போடுதான் வந்தது. அடுக்கு இல்லாத அந்த வருடங்களிலும் மக்கள் அதில் படத்தை எடிற் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆகவே அடுக்குவது அந்த வேலையின் ஒரு வழி, வேலையின் இயல்பு அதுவல்ல. பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும்போது மட்டும் 'தொகுப்புப்படம்' அல்லது 'ஒட்டுப்படம்' என்று சொல்லுங்கள், எனக்கு மறுப்பில்லை. அதற்கும் கணினி தேவையில்லை. கொழும்பின் ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) படம் கழுவும் இருட்டறையில் நின்றே நெகட்டிவ்களைச் சேர்த்துப் படம் செய்தவர். பாதி கழுவிய படத்துக்கு மறுபடி வெளிச்சம் காட்டி, கறுப்பும் வெள்ளையும் சில இடங்களில் தலைகீழாகும்படி செய்யும் உத்தியையும் கையாண்டவர். கொழும்பு 7இல் அவர் பெயரில் அரங்கும் காட்சிக்கூடமும் இருக்கின்றன. கணினி வந்த பிறகுதான் படத்தை மாற்றத் தொடங்கினோம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அவருடைய படங்களைப் பார்க்க வேண்டும்.

பழைய ஸ்டூடியோக்களிலும் அப்படித்தான். கறுப்பு வெள்ளைக் காலத்தில் நெகட்டிவின் மேலேயே கூர்ப் பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சுருக்கத்தை மறைப்பார்கள். அச்சிட்ட படத்தில் தூசு விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் அடைப்பார்கள். கன்னத்துக்கும் சேலைக்கும் கையாலேயே நிறம் பூசுவார்கள். இதற்கெல்லாம் 'டச்சிங்' என்று பெயர். போட்டோஷொப்பில் ஓரிடத்தை வெளிறச் செய்யவும் கறுக்கச் செய்யவும் உள்ள கருவிகள் இரண்டுக்கும் இருட்டறைக்காரர்களின் பெயர்களே இன்றும் இருக்கின்றன. ஒன்றின் குறியில் மறைப்புத் துண்டு பிடித்த குச்சி, மற்றதில் வளைத்துப் பிடித்த கை. வேலை அதே வேலை. இந்த வேலைக்குத் தமிழில் பெயர் 'திருத்தம்'.

திருத்து என்ற சொல்லைப் பற்றி இலங்கைத் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சைக்கிள் திருத்துகிறோம், மணிக்கூடு திருத்துகிறோம், விடைத்தாள் திருத்துகிறோம். 1987இலிருந்து அரசியல் பேசும் ஒவ்வொருவர் வாயிலும் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் இருக்கிறது. இருப்பது ஒன்று, அதில் மாற்றம் செய்கிறோம், மாற்றியபிறகும் அது அதுவே என்ற கருத்து அந்தச் சொல்லில் தெளிவாக உண்டு. 'பிழை இருந்தால்தானே திருத்த வேண்டும், நல்ல படத்தை அழகாக்குவது எப்படித் திருத்தமாகும்' என்று கேட்பார்கள். திருந்துதல் என்றால் செவ்விதாதல். சங்கப் பாடலில் வரும் 'திருந்திழை' பிழை நீக்கிய நகை அல்ல, நேர்த்தியாகச் செய்த நகை. ஆகவே படத்திருத்தம், திருத்திய படம், படம் திருத்துநர். மூன்றும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

அப்புறம் ஒரு வகை மிஞ்சுகிறது. இல்லாத ஆளைக் கூட்டத்தில் சேர்ப்பது, வராத தலைவரை மேடையில் நிறுத்துவது, ஒருவர் முகத்தை இன்னொருவர் உடலில் வைப்பது. இதைத் திருத்தம் என்றால் அந்தச் சொல் அழுக்காகிவிடும். இதற்குப் 'புனைவு' இருக்கிறது. புனைதல் என்றால் அலங்கரித்தல், ஆக்குதல், கற்பித்துக் கூறுதல் எல்லாம் உண்டு. நெடுநல்வாடையில் கணவனைப் பிரிந்து, அணியெல்லாம் களைந்து இருக்கும் அரசியை 'புனையா ஓவியம்' போல என்கிறார் நக்கீரர். வண்ணம் தீட்டாத வெறும் கோட்டோவியம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஓவியத்தோடு இவ்வளவு பழைய உறவுள்ள சொல்லை வைத்துக்கொண்டு, 'மாற்றியமைக்கப்பட்ட டிஜிட்டல் படத்தொகுப்பு' என்று நான்கு முழத்துக்கு எழுதுகிறார்கள். புனைவுப்படம் என்று எழுதினால் போதும். வாசிக்கிறவர் உடனே உஷாராகிவிடுவார்.

'டிஜிட்டல்' என்ற சொல்லை நான் மாற்றச் சொல்லவில்லை. எண்ணிமம், எண்மியம், இலக்கமுறை என்று ஏற்கனவே மூன்று பேர் மூன்று பக்கம் இழுக்கிறார்கள், சனம் டிஜிட்டல் என்றே சொல்கிறது. ஆனால் அதன் வேர் லத்தீனில் விரல் என்பதை மட்டும் நினைவில் வைக்கலாம். ஏனென்றால் இன்னொரு தவறு அங்கிருந்துதான் கிளம்புகிறது. பென்சில் போன்ற கருவியைப் பிடித்து, டேப்லெட்டின் மேல் கோடு கோடாக இழுத்து ஒரு பெண் வரைந்த படத்துக்குப் பத்திரிகையில் 'கணினி வரைந்த ஓவியம்' என்று போடுகிறார்கள். பக்கத்தில் எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 'கையால் வரைந்த ஓவியம்' என்று போடுகிறார்கள். அவள் என்ன காலாலா வரைந்தாள்?

இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. 1993இலிருந்து ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடந்துவரும் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், வெயிலில் சாய்த்து வைத்த கன்வஸில் வண்ணத்தின் தடிப்பைக் கண்ணாலேயே தொடலாம். அங்கே ஒரு பிழை விழுந்தால் மேலே பூசி மறைக்க வேண்டும், பின்னோக்கிப் போகும் பொத்தான் இல்லை. ஒரே ஒரு பிரதிதான். கன்வஸில் வரைகிறவர்கள் தங்கள் உழைப்புக்குத் தனி மதிப்புக் கேட்பது முழு நியாயம். அந்த வேறுபாட்டைச் சொல்ல 'வண்ண ஓவியம்', 'டிஜிட்டல் ஓவியம்' போதும். இரண்டிலும் ஓவியம் என்ற சொல் நிற்க வேண்டும். இரண்டிலும் ஒரு மனிதக் கண்ணும் கையும் முடிவெடுக்கின்றன. கட்டளையை எழுதிக் கொடுத்தால் படம் துப்பும் செயலிகள் வந்துவிட்ட இந்த நேரத்தில், 'கணினி வரைந்தது' என்று மனிதர் வரைந்ததைச் சொல்லிவிட்டால், உண்மையிலேயே கணினி உண்டாக்கியதை எப்படிச் சொல்வார்கள்? அதற்கு 'கணினி ஆக்கிய படம்' என்று வைத்துக்கொள்ளலாம். வரைதல், எழுதுதல், தீட்டுதல் மூன்றையும் மனிதருக்கே விடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள கோபம் இதுதான். இந்த நாட்டில் ஒரு அறிவிப்பு மூன்று மொழியில் வருகிறது. சிங்களத்தில் எடிட்டுக்கு 'சங்ஸ்கரணய' என்கிறார்கள், செம்மைப்படுத்துதல் என்ற கருத்து அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பொருள் தெளிவாக இருக்கிறது. தமிழ்ப் பகுதியை மட்டும் வாசிக்கிற பிள்ளைக்கு 'சேர்த்தல்' என்ற வேறொரு பொருள் போய்ச் சேர்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையில், ஒரு ஸ்டூடியோவுக்குப் போன் எடுத்து 'இதை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்' என்று கேட்க ஐந்து நிமிடம் ஆகாது. கேட்டால் சொல் தானாக வரும்.

பத்திரிகைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. படத்தின் கீழே பெயர் போடும்போது 'படத்தொகுப்பு: இன்னார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். எடுத்தவர் பெயரா, மாற்றியவர் பெயரா, பல படங்களைச் சேர்த்தவர் பெயரா என்று யாருக்கும் தெரிவதில்லை. 'ஒளிப்படம்' என்று போட்டு எடுத்தவர் பெயரையும், 'திருத்தம்' என்று போட்டு எடிற் செய்தவர் பெயரையும் தனித்தனியாகத் தாருங்கள். புனைந்த படமானால் 'புனைவுப்படம்' என்று படத்தின் மேலேயே, செய்தியின் எழுத்தளவிலேயே அச்சிடுங்கள்.