உறைக்குள் இருந்த 25,000 ரூபாய்

கிளிநொச்சியில் சின்னக் கடைகள், அரிசி ஆலைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். கொஞ்சக் காலமாக யூரியூப்பிலும் மேடையிலும் நகைச்சுவை செய்கிற பிள்ளைகளும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் பெண்பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கீழே சொல்லும் கணக்கு, ஒரு பிள்ளையின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி எழுதியது.

அந்தப் பிள்ளை தாயோடு வந்திருந்தா. இருந்த கையோடு தாய் தொடங்கினார்: “பிள்ளை, இவள் ஒரு மணித்தியாலத்துக்கு இருபத்தையாயிரம் எடுக்கிறாளாம் எண்டு ஊரெல்லாம் கதை. வீட்டில காசைக் காணேல்லை. ஆருக்குக் குடுக்கிறாள் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ.”

மகள் ஒன்றும் பேசாமல் கொப்பியை விரித்தா. புதுக்குடியிருப்பில் ஒரு கடைத் திறப்பு விழா. உறைக்குள் வைத்துக் கொடுத்தது 25,000 ரூபாய். வான் கூலி 9,000. கமராப் பெடியனுக்கு 5,000. முகப்பூச்சும் பூவும் 3,500. கூட நடித்தவருக்கு 3,000. சட்டை தைத்த கூலி 2,000. கூட்டினால் 22,500. மிச்சம் 2,500.

தாய் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக் கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்ப இவள் நாலு நாளா இருந்து எழுதினது, பாடமாக்கினது? அதுக்கு எங்க காசு?”

தோட்டத்தில் களை பிடுங்கப் போனாலும் நாட்கூலி பேசிவிட்டுப் போகிறவர் அவர். அதனால்தான் அந்த ஓட்டை அவருக்கு உடனே கண்ணில் பட்டது. மகளுக்குப் படவில்லை. காரணம், அவ விலையே பேசவில்லை. “நீங்கள் விரும்பினதைத் தாங்கோ அண்ணை” என்றுதான் கடைக்காரருக்கு எழுதியிருந்தா.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறதென்று எனக்கு ஓரளவு விளங்கும். முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடினவர்கள் அதைக் கண்ணகை அம்மனுக்குச் செய்கிற காரியமாகவே ஆடினார்கள். பெண் பாத்திரத்தையும் ஆம்பிளையளே ஆடினார்கள். ஆகவே மேடையேறிச் சிரிக்க வைக்கிற பெண்ணுக்குக் கூலி பேசுகிற பழக்கம் எங்கள் சனத்திடம் உருவாகவே இல்லை. ஆனால் கடைத் திறப்பு விழா கோயில் காரியம் இல்லை. பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பேசின காசைத்தானே அங்கே கொடுக்கிறார்கள்?

கூச்சம் எங்களுக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மோனீக் என்ற மேடைச் சிரிப்புக் கலைஞர் இருக்கிறார், நடிகையும்கூட. 2010 இல் சிறந்த துணை நடிகைக்கான ஒஸ்கார் விருதை வாங்கியவர். ஒரு மேடை நிகழ்ச்சிக்கு நெட்ஃபிளிக்ஸ் தனக்கு 5 இலட்சம் டொலர் தருவதாகச் சொன்னது என்று 2018 இல் வெளிப்படையாகச் சொன்னார். மற்ற மேடைச் சிரிப்புக் கலைஞர்களில் ஏமி ஷூமருக்கு 1 கோடி 10 இலட்சம், கிறிஸ் ரொக், டேவ் சப்பெல் இருவருக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு 2 கோடி டொலர் வீதம் என்று பத்திரிகைகளில் வந்த தொகைகளைப் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்டார். 2019 நவம்பரில் வழக்குப் போட்டார். குறைத்துச் சொன்னது மட்டும் அவருடைய முறைப்பாடு இல்லை. வழக்கமாக நடக்கிற பேரம் பேசலையே தன்னோடு செய்யவில்லை என்பதுதான். 2022 இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. அடுத்த வருடம் அவருடைய நிகழ்ச்சி அதே நெட்ஃபிளிக்ஸில் வந்தது.

இணையத்தில் நடிகைகளின் ‘சொத்து மதிப்பு’ என்று போடுகிற தொகைகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அனேகமானவை ஊகம். பேசின சம்பளம் வேறு, முகவருக்கும் வரிக்கும் செலவுக்கும் போக மிஞ்சுவது வேறு, சேர்ந்த சொத்து வேறு. ஊர் சொன்ன 25,000 உம் எங்கள் கணக்கில் மிஞ்சின 2,500 உம் அப்படித்தான். இந்தப் பிள்ளை 25,000 ஐ நம்பித் தவணைக்கு ஒரு போன் எடுத்திருந்தா. ஐப்பசி பிறந்து மாரி பிடித்தால் வன்னியில் திறந்த வெளி மேடை ஏது? தவணைக்காரன் மழையைப் பார்ப்பதில்லை.

யூரியூப் காசிலும் இதே குழப்பம் உண்டு. விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வை அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷோர்ட்ஸ் (குறு வீடியோ) பார்வை. நீள வீடியோ விளம்பரத்தில் உங்கள் பங்கு 55 சதவீதம். 100 டொலர் சேரும்வரை வங்கிக்கு வராது. கூகுள் கேட்கிற வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்தப் படிவத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

இலங்கை வருமான வரியைப் பற்றி வீண் பயம் வேண்டாம். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு. மேடைக்காசு, விளம்பரக்காசு, யூரியூப் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். செலவுத் துண்டுகளை வைத்திருங்கள். வான்காரரிடமும் ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு முதலாளி 12 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். உங்களுக்கு அப்படிக் கட்ட ஆள் இல்லை. அதையும் நினைத்துத்தான் விலை சொல்ல வேண்டும்.

எனக்கு உண்மையாகவே மனம் நொந்த இடம் வேறு. அந்தக் கடை, விழாவில் எடுத்த வீடியோவை எட்டு மாதமாக முகநூலில் விளம்பரமாக ஓட்டியிருக்கிறது. அதற்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. அந்த நகைச்சுவையை எழுதியது இந்தப் பிள்ளை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதினவருக்குத் தன் எழுத்தின் பதிப்புரிமை பதிவு செய்யாமலே உண்டு. அவருடைய ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 70 வருடத்துக்கும் நிற்கும். மேடையில் ஒருமுறை சொல்வதற்கு வாங்கின காசு, அதை வருடக்கணக்கில் விளம்பரமாக ஓட்டுவதற்கு வாங்கின காசு ஆகாது. இரண்டுக்கும் தனித்தனி விலை சொல்லுங்கள்.

அன்று என் மேசையிலிருந்தே அடுத்த விழாக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினோம். நிகழ்ச்சிக்கு 30,000. வான் கூலி வேறாக, அதை அவர்களே கட்ட வேண்டும். பாதிக் காசு ஒரு கிழமைக்கு முன்பே வங்கியில். வீடியோவை விளம்பரமாகப் போடுவதென்றால் மாதத்துக்கு 10,000. அனுப்ப முதல் பிள்ளை மூன்றுதரம் என் முகத்தைப் பார்த்தா. “கூடக் கேக்கிறமோ அக்கா?” தாய்தான், “அனுப்பு” என்றார்.

அந்த ஆள் வானுக்கும் முற்பணத்துக்கும் ஓம் என்றார், நிகழ்ச்சிக் காசை 27,000 ஆக்கினார், விளம்பரம் வேண்டாம் என்றார். அதே விபரத்தை அனுப்பின இன்னொருவர் பதிலே போடவில்லை. அவருடைய விழா நாளில் வேலை இல்லாத பிள்ளை வீட்டிலிருந்து புதிதாக ஒன்று எழுதினாவாம். மேலே திகதியும் போட்டு, தன் பெயரையும் எழுதி வைத்திருந்தா.