பார்க்கிங் டிக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது தேதி

இங்கிலாந்தில் கார் கண்ணாடியில் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கோபத்தோடு அன்றிரவே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கட்டியவர் வாதாடும் வாய்ப்பை இழக்கிறார். மறந்தவர், 35 பவுண்டில் முடிந்திருக்க வேண்டியதை 400 பவுண்டுக்கு மேல் வளரவிடுகிறார். பெரிய தொகையில் மாட்டிக்கொண்டவர்களின் கோப்பைத் திறந்து பார்த்தால், சிக்கல் கார் நின்ற இடத்தில் இருக்காது. பதில் போகாத ஒரு கடிதத்தில் இருக்கும்.

தேதியோடு, யார் கொடுத்த டிக்கெட் என்றும் பாருங்கள். உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் தருவது 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்'. சூப்பர் மார்க்கெட், மருத்துவமனை வளாகம் போன்ற இடங்களில் தனியார் நிறுவனம் தருவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. இரண்டுக்கும் பி.சி.என். என்றே சுருக்கம், உறையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். தனியாருடையது ஒப்பந்தத் தகராறு. பணம் வராவிட்டால் அவர்கள் சிவில் வழக்குத்தான் போட முடியும். தனியார் நிலத்தில் சக்கரத்தைப் பூட்டுவதை 2012-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. கவுன்சிலுடையது சட்டப்படியான அபராதம். 2004-ஆம் ஆண்டுப் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வருவது. கீழே சொல்வதெல்லாம் கவுன்சில் டிக்கெட்டைப் பற்றியது, அதுவும் இங்கிலாந்துக்கானது. ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு.

லண்டனுக்கு வெளியே பெரும்பாலான கவுன்சில்களில் அபராதம் 70 அல்லது 50 பவுண்டு. நிறுத்தவே கூடாத இடத்தில் நிறுத்தினால் கூடிய தொகை. நிறுத்தலாம், ஆனால் நேரம் கடந்துவிட்டது என்றால் குறைந்த தொகை. லண்டனில் தொகை அதிகம், மேல்வகுப்பு 160 பவுண்டு வரை போகும். எங்கேயானாலும் 14 நாளுக்குள் கட்டினால் பாதி. கேமராவில் பிடித்துத் தபாலில் வரும் நோட்டீஸில் பல இடங்களில் இது 21 நாள். கடைசி நாள் அந்தத் தாளிலேயே எழுதியிருக்கும். பேனாவால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுவதா, எதிர்ப்பதா என்று முடிவெடுக்கும் முன் இரண்டு வேலை. ஒன்று, டிக்கெட் எண்ணையும் கார் எண்ணையும் கொடுத்துக் கவுன்சிலின் இணையதளத்தில் வார்டன் எடுத்த படங்களைப் பார்ப்பது. அடுத்தது, முடிந்தால் அன்றைக்கே அந்த இடத்துக்குப் போய் உங்கள் கைபேசியில் படம் எடுப்பது. கோடு தேய்ந்திருந்தாலோ, பலகை மரக்கிளைக்குள் மறைந்திருந்தாலோ, எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தாலோ, அதை நாளைக்கே சரிசெய்துவிடக்கூடும். படம் எடுக்கும்போது காரையும் பலகையையும் சேர்த்துக் காட்டும் தூரப் படம் ஒன்றாவது வேண்டும். வெறும் பலகையை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் எந்தத் தெரு என்று நிரூபிக்க முடியாது.

மஞ்சள் கோட்டில் பலரும் தவறவிடுவது கோட்டை அல்ல, நடைபாதை ஓரக் கல்லை. ஓரக்கல்லின் மேல் குறுக்கே சின்ன மஞ்சள் கீற்றுகள் இருந்தால் அங்கே சரக்கு ஏற்றி இறக்கவும் தடை. ஒற்றைக் கீற்று என்றால் பலகையில் உள்ள நேரத்தில் மட்டும். இரட்டைக் கீற்று என்றால் எந்நேரமும். கீற்று இல்லாத இரட்டை மஞ்சள் கோட்டில் ஆளை ஏற்றி இறக்கலாம். கனமான, பருமனான பொருளை ஏற்றி இறக்கவும் செய்யலாம். ஆனால் ஒரு பால் பாட்டில் வாங்கக் கடைக்குள் ஓடிவிட்டு 'லோடிங்' என்று எழுதினால் எடுபடாது. கடைக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்கள் டெலிவரி சீட்டை நேரத்தோடு வைத்திருக்க வேண்டும். அது இருந்தால் பாதி வழக்கு முடிந்தது.

ஒற்றை மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் பலகையே இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். பார்க்கிங் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் அந்தப் பலகை தேவையில்லை. மண்டலத்தின் நுழைவில், நீங்கள் திரும்பி உள்ளே வந்த முனையில், நேரம் எழுதிய பெரிய பலகை இருக்கும்; அந்த நேரம்தான் உள்ளே உள்ள கோடுகளுக்கும். இரட்டைக் கோட்டுக்கோ பலகையே அவசியமில்லை.

ஊனமுற்றோருக்கான நீல பேட்ஜ் வைத்திருப்பவர்கள் மஞ்சள் கோட்டில் மூன்று மணி நேரம் நிறுத்தலாம், வந்த நேரத்தைக் காட்டும் கடிகார அட்டையை வைத்திருந்தால். ஓரக்கல்லில் கீற்று இருந்தால் அந்தத் தடை நேரத்தில் இந்தச் சலுகை இல்லை. அட்டையைத் தலைகீழாக வைத்ததும், பேட்ஜ் இருக்கைக்கடியில் விழுந்ததும் ஓயாமல் வரும் காரணங்கள். பேட்ஜின் இருபக்க நகலோடு எழுதினால் முதல் தடவை ரத்து செய்யும் கவுன்சில்கள் பல உண்டு. அடுத்த முறை அதே தயவை எதிர்பார்க்க வேண்டாம்.

பத்து நிமிடச் சலுகையைப் பற்றி ஊரெல்லாம் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. 2015 ஏப்ரலில் வந்த அந்த விதி, அனுமதிக்கப்பட்ட இடத்தில், பணம் கட்டிய நேரமோ இலவச நேரமோ முடிந்த பிறகான பத்து நிமிடத்துக்கு மட்டும். மஞ்சள் கோட்டுக்கு அது கிடையாது. பணமே கட்டாமல் நிறுத்தியவருக்கும் கிடையாது. 'இரண்டு மணி நேரம் இலவசம்' என்ற இடங்களில் வார்டன் சக்கரத்தின் காற்று வால்வு எந்தத் திசையில் நிற்கிறது என்று கடிகார முள்ளின் நிலையாகக் குறித்துக்கொள்வார். கார் நடுவில் போய் வந்ததா, அசையவே இல்லையா என்பது அதில் தெரியும். ஆகவே 'நான் போய்விட்டுத் திரும்பி வந்தேன்' என்பதை யோசித்து எழுதுங்கள். பல இடங்களில் குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பி வருவதே தனிக் குற்றம்.

செயலியில் பணம் கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள் மூன்றே மூன்று: பக்கத்துத் தெருவின் இட எண், விற்றுவிட்ட பழைய காரின் எண், பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்து. பணம் கவுன்சிலுக்குத்தான் போயிருக்கிறது என்பதைக் காட்டும் ரசீது இருந்தால், இதில் எதிர்ப்பு பெரும்பாலும் கேட்கப்படும். வாசல் முன் தாழ்த்திய ஓரக்கல்லை மறித்து நிறுத்துவதும், ஓரத்திலிருந்து 50 செண்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிறுத்துவதும் கோடோ பலகையோ இல்லாமலே குற்றம். பள்ளி வாசலின் ஜிக்ஜாக் மஞ்சள் கோட்டில் பலகையில் எழுதிய நேரத்தில் ஒரு நொடி நிறுத்திக் குழந்தையை இறக்கினாலும் டிக்கெட். நீல பேட்ஜும் அங்கே உதவாது.

எதிர்ப்பதானால் எப்படி?

கண்ணாடியில் ஒட்டிய டிக்கெட்டுக்கு முதல் கட்டம் முறைசாரா எதிர்ப்பு. 14 நாளுக்குள் எழுதினால், கவுன்சில் மறுத்தாலும் பாதித் தொகையில் கட்ட இன்னொரு 14 நாள் தர வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். அதனால் நல்ல காரணம் இருக்கும்போது எழுதிப் பார்ப்பதில் இழப்பில்லை. பணத்தைக் கட்டிவிட்டு எழுதாதீர்கள். கட்டினால் கோப்பு மூடப்பட்டுவிடும்.

மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். கட்டாமல் இருந்தால் 28 நாளுக்குப் பின் வாகனத்தின் உரிமையாளர் பெயருக்கு 'நோட்டீஸ் டு ஓனர்' வரும். 'ஏற்கெனவே எழுதிவிட்டோமே' என்று அதை ஒதுக்கி வைப்பதுதான் மிகப் பெரிய தவறு. முதல் கடிதம் இந்தக் கட்டத்தில் கணக்கில் வராது. 28 நாளுக்குள் மறுபடி, முறைப்படி எழுத வேண்டும். சட்டம் சில காரணங்களை வரையறுத்திருக்கிறது: குற்றமே நடக்கவில்லை, அப்போது வாகனம் என்னுடையதல்ல, அனுமதியின்றி எடுத்துச் சென்றார்கள், தொகை அதிகம், நடைமுறையில் பிழை, அந்தத் தெருவின் போக்குவரத்து ஆணையே செல்லாது, மற்றும் சில. நோய், விபத்து போன்ற அழுத்தமான சூழ்நிலையையும் கவுன்சில் பரிசீலித்தாக வேண்டும். பதில் 56 நாளுக்குள் வராவிட்டால் உங்கள் எதிர்ப்பு ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். எனவே அனுப்பிய தேதிக்கு ஆதாரம் வையுங்கள். இணையதளத்தில் அனுப்பினால் உறுதிச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தபாலில் அனுப்பினால் தபால் நிலையத்தில் இலவசமாகத் தரும் அத்தாட்சிச் சீட்டை வாங்குங்கள்.

இதையும் மறுத்தால் சுதந்திரமான நடுவரிடம் போகலாம்: லண்டனில் 'லண்டன் ட்ரிப்யூனல்ஸ்', மற்ற இடங்களில் 'டிராஃபிக் பெனால்டி ட்ரிப்யூனல்'. 28 நாள் கெடு, கட்டணம் இல்லை, இணையவழியிலேயே முடியும். நடுவர் பார்ப்பது சட்டத்தை. வெறும் பரிதாபக் காரணத்துக்காக அவர் டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது. கவுன்சிலுக்குப் பரிந்துரைத்துத் திருப்பி அனுப்பலாம், அதற்கு 35 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தர்மசங்கடமான உண்மை என்னவென்றால், பரிதாபக் காரணம் கவுன்சில் அளவிலேயே நன்றாக எழுதப்பட்டால்தான் பலன். அரைப்பக்கக் கோபம் வேண்டாம். மருத்துவமனைச் சீட்டு, நேரம், படம் ஆகிய மூன்றும் இணைத்த ஆறு வரி போதும்.

பழைய முகவரி

கவுன்சில் டிக்கெட்டுக்குப் பொதுவாகப் பொறுப்பு ஓட்டியவர் அல்ல, வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வின் பதிவில் பெயர் உள்ளவர். தம்பி ஓட்டினாலும் கடிதம் அண்ணன் பெயருக்குத்தான். வீடு மாறிய பிறகு ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றிவிட்டு, வி5சி பதிவுப் புத்தகத்தில் மாற்ற மறந்தவர்கள் ஏராளம். இரண்டும் தனித்தனி, ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. மாற்றாததற்கே 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. அதைவிடக் கொடுமை, எல்லாக் கடிதமும் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, முதல் தகவலே வசூல் அதிகாரியின் ரூபத்தில் வருவது.

கணக்கு இப்படி ஏறும். 70 பவுண்டை நோட்டீஸ் டு ஓனருக்கும் அசையாமல் விட்டால் 'சார்ஜ் சர்டிஃபிகேட்' வரும். பாதி கூடி 105. இந்தக் கட்டத்தில் வாதாட வழியில்லை. 14 நாளில் கட்டாவிட்டால் நார்தாம்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் கடன் பதிவாகும். 10 பவுண்டு சேரும். பிறகு வாரண்ட், வசூல் அதிகாரியான பெய்லிஃப். 2014-ஆம் ஆண்டு விதிகளில் பெய்லிஃபின் முதல் கடிதத்துக்கு 75 பவுண்டும், வீட்டுக்கு வந்தால் மேலும் 235 பவுண்டும் வைத்தார்கள். கூட்டினால் 425.

பதிவான பிறகு வரும் 'ஆர்டர் ஃபார் ரெகவரி'யோடு டி.இ. 9 என்ற சாட்சிப் படிவம் இருக்கும். நோட்டீஸ் வரவே இல்லை, எதிர்ப்பு எழுதியும் பதில் வரவில்லை, நடுவரிடம் முறையிட்டும் பதில் இல்லை, பணம் முழுதும் கட்டிவிட்டேன் என்பவைதான் அதில் செல்லும் காரணங்கள். 21 நாள் கெடு. கடந்துவிட்டால் டி.இ. 7 படிவத்தில் தாமதத்துக்கான காரணத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பொய் எழுதாதீர்கள், அது நீதிமன்றத்துக்குச் சொல்லும் வாக்குமூலம். ஏற்கப்பட்டால் பழைய கட்டத்துக்கு வழக்கு திரும்பிப் போகும், டிக்கெட் ரத்தாகிவிடாது. இந்தக் கடன் சாதாரண நீதிமன்றத் தீர்ப்புகளைப்போலக் கடன் தகுதிப் பதிவேட்டில் ஏறாது என்பது ஒரே ஆறுதல்.

பெய்லிஃப் வந்தால் கதவைத் திறக்கக் கட்டாயமில்லை. பார்க்கிங் கடனுக்காக முதல் வருகையில் உடைத்து நுழைய அதிகாரமில்லை. ஆனால் வாசலில் நிற்கும் காரைப் பூட்டலாம். நீல பேட்ஜ் வைத்த ஊனமுற்றவருக்கான காரை எடுக்கக் கூடாது. தொழிலுக்கு அவசியமான, 1,350 பவுண்டுக்கு உட்பட்ட மதிப்புள்ள வாகனத்துக்கும் விலக்கு உண்டு. டாக்ஸி ஓட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கேமரா வேறு கதை. 2015-க்குப் பிறகு வெறும் பார்க்கிங்குக்குக் கேமரா வழியாகத் தபாலில் டிக்கெட் அனுப்ப முடியாது. பஸ் பாதை, பஸ் நிறுத்தம், பள்ளி வாசல், சிவப்புக் கோட்டுச் சாலை போன்ற சிலவற்றுக்குத்தான். லண்டனுக்கு வெளியே உள்ள கவுன்சில்கள் 2022 மே 31 முதல் தடைசெய்த திருப்பம், குறுக்குக்கோடு போட்ட மஞ்சள் பெட்டி உள்ள சாலைச் சந்திப்பு போன்றவற்றுக்கும் அதிகாரம் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு புதிய இடத்திலும் முதல் ஆறு மாதம், முதல் தவறுக்கு எச்சரிக்கைக் கடிதம்தான். மஞ்சள் பெட்டியில் நின்றதாலேயே குற்றமாகிவிடாது. முன்னால் நின்றுவிட்ட வாகனங்களால் நிற்க நேர்ந்ததா என்று வீடியோவைப் பாருங்கள். வெளியேறும் பாதை காலியாக இருந்து, நடந்துவந்த ஒருவருக்காக நின்றிருந்தால் எதிர்க்கலாம்.

வார்டனுக்கு இத்தனை டிக்கெட் என்று இலக்கு உண்டா என்பது தவறாமல் வரும் கேள்வி. டிக்கெட் எண்ணிக்கையோடு சம்பளத்தைக் கட்டக் கூடாது என்கிறது அரசு வழிகாட்டுதல். எழுதி ஒட்டிய பின் அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ரத்து செய்யும் முடிவு அலுவலகத்தில். பார்க்கிங் வருமானத்தில் செலவு போக மிஞ்சும் பணத்தையும் கவுன்சில் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அதைச் சாலை, பொதுப் போக்குவரத்து போன்றவற்றுக்கு ஒதுக்கச் சொல்கிறது. லண்டனின் பார்னெட் கவுன்சில் வருமானத்துக்காகவே குடியிருப்போர் அனுமதிக் கட்டணத்தை உயர்த்தியபோது, 2013-இல் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது.

இப்போது புதிதாக ஒரு தொல்லை: பணம் கட்டும் இயந்திரத்தின் மேல் மோசடிக்காரர்கள் ஒட்டும் க்யூ.ஆர். ஸ்டிக்கர். ஸ்கேன் செய்தால் கவுன்சில் பக்கம்போலவே ஒன்று திறந்து கார்டு எண்ணைக் கேட்கும். போன பணமும் போய், உண்மையான கட்டணம் கட்டாததற்கு டிக்கெட்டும் வரும். செயலியை ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள், இட எண்ணைக் கையால் தட்டுங்கள். 'உங்களுக்குப் பார்க்கிங் அபராதம் நிலுவை' என்று குறுஞ்செய்தி வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், கவுன்சில் இணையதளத்தில் கார் எண்ணையும் டிக்கெட் எண்ணையும் நீங்களே போட்டுப் பாருங்கள். செய்தியில் டிக்கெட் எண்ணே இல்லையென்றால் அதை அழித்துவிடலாம். ஏமாந்து கார்டு எண் கொடுத்திருந்தால் முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்குங்கள். பிறகு ஸ்டிக்கரின் படத்தோடு கவுன்சிலுக்குத் தெரிவியுங்கள். அதே படம், அன்றைக்கு டிக்கெட் விழுந்திருந்தால் எதிர்ப்புக் கடிதத்துக்கும் ஆதாரம்.