உலோகத் துகள்களை வரிசையில் நிறுத்தினால் லேசர்

“உலோகம்தான் ஒளியை விழுங்கிச் சூடாகிவிடுமே, அதில் எப்படி லேசர் செய்கிறார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பிளாஸ்மான் லேசர் ஆய்வாளர்களின் பெரிய தலைவலியே இதுதான்.

லேசருக்கு ஒளியைப் பெருக்கும் பொருளும், அந்த ஒளியைப் பிடித்துவைக்கும் அறையும் வேண்டும். சாதாரண அறையை அரை அலைநீளத்துக்குக் கீழே சுருக்க முடியாது. உலோகப் பரப்பில் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அலையும்போது அந்த வரம்பு உடைகிறது. அந்த அலைவுதான் பிளாஸ்மான். 2003-ல் பெர்க்மனும் ஸ்டாக்மனும் இப்படியொரு லேசரைக் கோட்பாடாக முன்வைத்தார்கள். 2009-ல் தங்கக் கருவும், ஒளியைப் பெருக்கும் சாயம் கலந்த சிலிக்கா உறையும் கொண்ட, வெறும் 44 நானோமீட்டர் விட்டமுள்ள துகளை வைத்து வேறொரு குழுவினர் அதைச் செய்தும் காட்டினார்கள்.

ஆனால் தனித் துகளில் எழும் அலைவு சுமார் 10 ஃபெம்டோவிநாடிகளில் (ஒரு விநாடியின் கோடி கோடியில் ஒரு பங்கு) அடங்கிவிடும். ஒரு பங்கு வெப்பமாகிறது, மீதி நாலாபக்கமும் சிதறுகிறது. அதை ஈடுகட்ட ஆற்றலைக் கொட்டினால் சாய மூலக்கூறுகளே சிதைந்துபோகும்.

சரி, துகள்களைச் சீரான இடைவெளியில் வரிசையாக நிறுத்தினால்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இடைவெளி 600 நானோமீட்டர், சுற்றியுள்ள சாயம் கலந்த பொருளின் ஒளிவிலகல் எண் (ஒளி அதற்குள் எத்தனை மடங்கு மெதுவாகும் என்பதைச் சொல்லும் எண்) 1.5 என்று வைத்துக்கொள்வோம். 900 நானோமீட்டர் ஒளி அதற்குள் 600 ஆகச் சுருங்கும். ஒரு துகள் சிதறடித்த ஒளி பக்கத்துத் துகளை அடையும்போது சரியாக ஒரு முழு அலையை முடித்திருக்கும். திரும்பி வரும் ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளுவதுபோல, அது பக்கத்துத் துகளின் அலைவுக்கு வலுச் சேர்க்கிறது. வீணாகவேண்டிய சிதறல் உதவியாக மாறுகிறது! அலையின் பெரும்பகுதி உலோகத்துக்கு வெளியே சாயத்துக்குள் பரவி நிற்பதால் வெப்ப இழப்பும் குறைகிறது. எதிரெதிராக ஓடும் அலைகள் சேர்ந்து, நகராமல் நின்ற இடத்திலேயே அலையும் நிலையலையாகி, ஆற்றல் அங்கேயே தங்குகிறது. ஒளி வெளியேறும்போதும் எல்லாத் துகள்களும் ஒத்திசைவதால் பரப்புக்குச் செங்குத்தாக ஒரு மெல்லிய கற்றை கிளம்புகிறது.

2013-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு இதை அறை வெப்பநிலையிலேயே சாதித்தது. துகள்கள் வரிசையாக வேண்டும் என்பதால் ஒற்றைத் துகளின் குட்டி அளவு இதில் கிடைக்காது. என்னைக் கேட்டால், அந்த விலை தகும். “உலகின் மிகச் சிறிய லேசர்” என்ற தலைப்புக்குக் கிடைக்கும் கவனமும் நிதியும், உலோகத்தின் குறைகளை ஒவ்வொன்றாகக் களைபவர்களுக்கும் போய்ச் சேரவேண்டும். எலக்ட்ரான்கள் மோதி ஆற்றலை இழக்கும் இடங்களில் அந்தக் குறைகளும் உண்டு.

அப்புறம் 2015-ல் அதே பல்கலைக்கழகத்தில் திடப்பொருளுக்குப் பதில் திரவச் சாயத்தைப் பயன்படுத்தினார்கள். கரைப்பானை மாற்றினால் ஒளிவிலகல் எண் மாறும், துகள்களைத் தொடாமலே லேசரின் அலைநீளமும் நகரும்.